இலையுதிர்கால வானம் வெறுமையாகத் தெரிகிறதே, எதைத் தேடிப் பார்ப்பது?

கீழ்வானம்:
செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இரவு வானத்தில் என்னதான் பார்ப்பது? விருச்சிகம் மேற்கே இறங்கிவிட்டது. ஓரியன் வர நள்ளிரவாகிறது. பத்து மணிக்கு அண்ணாந்தால் உச்சியில் கண்ணைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒன்றும் இல்லை. என்னிடம் 10×50 பைனாகுலர் ஒன்று இருக்கிறது, டெலஸ்கோப் இல்லை. இருபத்தேழு நட்சத்திரப் பெயர்களும் வரிசையாகச் சொல்வேன், ஆனால் வானத்தில் கைகாட்டச் சொன்னால் கார்த்திகையைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

குவியாடி:
நேராகவே சொல்கிறேன், ஆண்டிலேயே சுமாரான பருவம் இதுதான். முன்னிரவில் மேற்கே வேகா, டெனெப், திருவோணம் மூன்றும் சேர்ந்த கோடை முக்கோணம் இருக்கும், அதைப் பாருங்கள். தெற்கே தாழ்வாகத் தனியாக ஒரு வெள்ளை விண்மீன் தெரிந்தால் அது ஃபோமல்ஹாட். அந்தப் பக்கம் முதல்தர விண்மீன் அது ஒன்றுதான். புதிதாகத் தொடங்குபவருக்கு டிசம்பர், ஜனவரி வானம்தான் சரி. ஓரியன், ரோகிணி, சிரியஸ் என்று பார்த்ததும் தெரிகிற பொருள்கள் இருக்கும். ஆர்வமும் நிற்கும்.

துருவமீன்:
குவியாடி தம்பி, பிரகாசமான விண்மீன்கள் குறைவு என்பதை ஏற்கிறேன். 'சுமார்' என்பதை ஏற்க முடியவில்லை. ஏன் குறைவு என்று யோசித்தால் இந்தப் பருவத்தின் மதிப்பே மாறிவிடும்.

பால்வீதி ஒரு தட்டையான வட்டு, நாம் அதற்குள்ளே இருக்கிறோம். கோடை நள்ளிரவில் நம் பார்வை வட்டின் மையத்தை நோக்கிப் போகிறது, குளிர்காலத்தில் வெளி விளிம்பை நோக்கி. இரண்டுமே வட்டின் தளத்துக்குள் ஓடும் பார்வைகள் என்பதால் விண்மீன் நெரிசல். இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கி நின்றால் பார்வை அந்தத் தளத்தை விட்டு விலகி, வட்டுக்குக் குறுக்கே வெளியே போய்விடுகிறது. பால்வீதியின் தென்முனைத் திசை சிற்பி மண்டலத்தில் இருக்கிறது. ஃபோமல்ஹாட்டுக்குக் கிழக்கே உள்ள மங்கலான பகுதி அது. அந்தத் திசையில் நமக்கும் வெளிக்கும் நடுவே விண்மீன்களும் குறைவு, தூசும் குறைவு. வானம் காலியாகத் தெரிவதற்கும், நம் பால்வீதியைப் போன்ற மற்ற விண்மீன் பேரடைகள் தெளிவாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றே.

கீழ்வானம், நீங்கள் தொடங்க வேண்டிய இடம் பெகாசஸ் சதுரம். அக்டோபர் நடுவில் இரவு பத்து மணிக்கு அது நடுவானத்தில் நிற்கும். விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன, மாதத்துக்கு 2 மணி நேரம். ஆகவே செப்டம்பர் நடுவில் நள்ளிரவிலும் நவம்பர் நடுவில் எட்டு மணிக்கும் அதே வானம்தான். நான்கு மூலையிலும் நான்கு விண்மீன்கள், நான்கும் ஏறக்குறைய ஒரே பொலிவு. கையை நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சதுரத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒன்றரை முட்டி. படத்தில் பார்த்து மனதில் வைத்ததை விடப் பெரியது, அதனாலேயே பலர் கண்ணுக்குத் தப்புகிறது.

பெயர்கள் தெரியும் என்றீர்களே, அது பெரிய உதவி. தெற்கு நோக்கி நின்றால் சதுரத்தின் வலப்பக்கத்து இரண்டு விண்மீன்கள் பூரட்டாதி, இடப்பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. மேற்கே திருவோணத்துக்குப் பக்கத்தில் சிறிய வைர வடிவில் இருப்பது அவிட்டம். சதுரத்துக்குக் கிழக்கே மங்கலாக ரேவதி, அதையும் தாண்டினால் அசுவினி, பரணி, பிறகு உங்களுக்குத் தெரிந்த கார்த்திகை. அக்டோபரில் பத்து மணிக்கு வெளியே வந்தால் திருவோணத்திலிருந்து கார்த்திகை வரை வரிசை முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக வானத்தில் இருக்கும். ரேவதியும் சதயமும் ஊர் வெளிச்சத்தில் தெரியாது, இருட்டான இடம் வேண்டும்.

கீழ்வானம்:
மிக்க நன்றி ஐயா. பூரட்டாதி, உத்திரட்டாதி இரண்டும் ஒரே சதுரத்தின் இரு பக்கங்கள் என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இடம் எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும்? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

துருவமீன்:
அந்தச் சதுரத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சதுரத்தின் உள்ளே வெறுங்கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிகிறது என்று எண்ணுங்கள். உள்ளே இருப்பதில் பொலிவானவை 4.4, 4.6 மேக்னிட்யூட் (பொலிவெண்) அளவு. எண் கூடினால் மங்கல் என்று பொருள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் வெளிச்ச மாசு அதிகம். இரண்டு மூன்று தெரிந்தால் பரவாயில்லை. பத்துக்கு மேல் எண்ண முடிந்தால் அது நல்ல இருட்டு, அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கண் பழகக் குறைந்தது 20 நிமிடம், அரை மணி என்றால் இன்னும் நல்லது. நடுவில் ஒரு தடவை மொபைல் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். வான வரைபட ஆப் பயன்படுத்துவதாக இருந்தால் சிவப்புத் திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிலா இல்லாத வாரமாகப் பாருங்கள்.

நள்ளிரவு வாசகி:
சதுரம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே கோடு போட்டுப் போகலாம் தம்பி. இடப்பக்கத்தை, அதாவது உத்திரட்டாதிக் கோட்டை, வடக்கே நீட்டினால் W வடிவக் காசியோப்பியா மண்டலத்தின் மேற்குக் கடைசி விண்மீன், அதையும் தாண்டினால் துருவ நட்சத்திரம். அதே கோட்டைத் தெற்கே அதே நீளத்துக்கு நீட்டினால் வானத்தில் ஒரு வெற்றுப் புள்ளி வரும். மார்ச் சம இரவு நாளில் சூரியன் நிற்கும் இடம் அது. வலப்பக்கத்தைத் தெற்கே மூன்று மடங்குக்கும் மேல் இழுத்தால் ஃபோமல்ஹாட்.

ஆண்ட்ரோமீடா பேரடைக்கு வழி: சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காக இரண்டு தாவல். இரண்டாவது விண்மீன் மிராக், லேசான செம்மஞ்சள். அங்கே காசியோப்பியா பக்கமாகத் திரும்பி மறுபடி இரண்டு தாவல், இரண்டும் மங்கலானவை. கடைசி விண்மீனுக்குப் பக்கத்திலேயே பஞ்சுத் திரி மாதிரி ஒரு மங்கல். அதுதான்.

எரிமீன்:
இடையில் ஒரு கேள்வி. அக்டோபர் 21, 22 தேதிகளில் ஓரியானிட்ஸ் எரிகல் பொழிவு, மணிக்கு 20 விழும் என்று எங்கும் போடுகிறார்கள். இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை நின்று பார்த்தால் ஒன்றிரண்டு கூடத் தேறவில்லை. ஏன்?

நள்ளிரவு வாசகி:
நேரம்தான் காரணம். ஒன்பது மணிக்கு ஓரியனே உதித்திருக்காது, எரிகற்கள் கிளம்பும் புள்ளி தொடுவானத்துக்குக் கீழே இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு, விடியலுக்கு முந்தைய மணிகளில் பாருங்கள். பூமி தன் பாதையில் முன்னோக்கி ஓடும் பக்கம் அப்போதுதான் நமக்கு மேலே திரும்பியிருக்கும், எதிர்வரும் தூசுத் துகள்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம் மோதும். அந்த 20 என்ற எண் மிக இருட்டான வானத்துக்கும், கிளம்பும் புள்ளி நேர் உச்சியில் இருக்கும் நிலைக்கும் கணக்கிட்டது. அதில் பாதி பார்த்தாலே நல்ல இரவு.

ஓரியானிட்ஸ் ஹேலி வால்மீன் விட்டுப்போன தூசு. வினாடிக்கு சுமார் 66 கிலோமீட்டர் வேகம், அதனால் சரக்கென்று கோடு கிழித்துவிட்டு மறையும். முன்னிரவில்தான் பார்க்க முடியும் என்றால் அக்டோபர் 8, 9 வாக்கில் டிராகோனிட்ஸ். எண்ணிக்கை பெரும்பாலான ஆண்டுகளில் மிகக் குறைவு, ஆனால் 1933இலும் 1946இலும் புயலாகவே பொழிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது டாரிட்ஸ். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை, மணிக்கு நாலைந்துதான் வரும். ஆனால் மெதுவாக, சில சமயம் கண்கூசும் தீப்பந்தாக வரும். என்கே வால்மீனின் தூசு அது. நவம்பர் 17 வாக்கில் லியோனிட்ஸ். 1833இலும் 1966இலும் பெரும் புயல், பெரும்பாலான ஆண்டுகளில் அடக்கமாகவே இருக்கும்.

கீழ்வானம்:
அக்கா சொன்ன வழியில் போய் ஆண்ட்ரோமீடாவைப் பிடித்துவிட்டேன். மிராக்கிலிருந்து திரும்பியதும் பைனாகுலரில் உடனே தெரிந்தது. நீள்வட்டமாக ஒரு சாம்பல் நிற மங்கல், நடுவில் கொஞ்சம் பொலிவு. சுருள் கரங்களோ நிறமோ இல்லை. இருட்டான இடம்தான், சதுரத்துக்குள் ஏழு எண்ண முடிந்தது. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதானா, இல்லை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லையா?

குவியாடி:
இதைத்தான் சொன்னேன். படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் ஆர்வம் விட்டுப்போகிறது. டெலஸ்கோப்பில் பார்த்தாலும் ஆண்ட்ரோமீடா பெரிதாக மாறாது. பேரடையின் முழு நீளம் சுமார் 3 பாகை, ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அளவு. டெலஸ்கோப்பின் பார்வைப் பரப்புக்குள் நடுப்பகுதி மட்டுமே அடங்கும்.

துருவமீன்:
சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கிறது, கண் அப்படிச் சேர்ப்பதில்லை. மங்கிய ஒளியில் விழித்திரையின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை, அதனால்தான் சாம்பல் நிறம். நேராகப் பார்க்காமல் பொருளுக்குச் சற்றுத் தள்ளி ஓரப் பார்வையாகப் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் ஓரங்களில்தான் அதிகம். அப்படிச் சில நிமிடம் பார்த்தால் அந்த நீள்வட்டம் இருபுறமும் நீள்வது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியம். அந்த ஒளி 25 லட்சம் ஆண்டுகளாகப் பயணம் செய்து உங்கள் கண்ணுக்கு வந்தது. வெறுங்கண்ணால் எல்லோரும் எளிதாகப் பார்க்கக்கூடிய ஆகத் தொலைவான பொருள் அதுதான். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964இலேயே அதைச் 'சிறு மேகம்' என்று குறித்து வைத்தார். அது நம் பால்வீதிக்குள் இருக்கும் வாயு மேகமா, வெளியே இருக்கும் தனிப் பேரடையா என்பது இருபதாம் நூற்றாண்டு வரை தீராத வழக்கு. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனில் 100 அங்குல டெலஸ்கோப்பில் எட்வின் ஹப்பிள் எடுத்த ஒளித்தட்டில்தான் (கண்ணாடித் தட்டில் பதித்த புகைப்படம்) அந்த வழக்கு தீர்ந்தது. அக்டோபர் என்பது தற்செயல் இல்லை. ஆண்ட்ரோமீடா இரவில் உயரமாக ஏறும் காலம் இதுதானே.

அவர் அந்தத் தட்டில் கண்டது ஒளி மாறும் விண்மீன் ஒன்றை, செஃபீட் வகை. அந்த வகைக்குப் பெயர் கொடுத்த டெல்டா செஃபேய் இதே இரவில் உங்கள் தலைக்கு வடக்கே நிற்கிறது, வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரே வானத்தில் அளவுகோலும் இருக்கிறது, அதைக் கொண்டு அளந்த பேரடையும் இருக்கிறது. வாசகி அம்மா மாறும் விண்மீன்களை நெடுங்காலமாகக் கவனித்து வருபவர், அவரே தொடரட்டும்.

நள்ளிரவு வாசகி:
ஐயா சொன்னபிறகு சொல்லாமல் இருப்பேனா! காசியோப்பியாவுக்கு மேற்கே செஃபியஸ், கூரை வைத்த வீட்டுக்கோட்டுப் படம் போல மங்கலான ஐங்கோணம். அதன் ஒரு மூலையருகே மூன்று விண்மீன் சேர்ந்த சிறு முக்கோணம் இருக்கிறது: டெல்டா, சீட்டா, எப்சிலான். சீட்டா 3.4, எப்சிலான் 4.2, இரண்டும் கிட்டத்தட்ட மாறாதவை. டெல்டா மட்டும் 3.5க்கும் 4.4க்கும் நடுவே ஏறி இறங்கும். ஒரு சுற்று 5 நாள் 9 மணி நேரம் போல. ஏறும்போது வேகம், இறங்கும்போது நிதானம். ஒரு நாள் சீட்டாவுக்கு இணையாக இருக்கும், சில நாள் கழித்து எப்சிலானை விடவும் மங்கியிருக்கும். எந்தக் கருவியும் வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும்.

1784இல் இதைக் கண்டுபிடித்தவர் ஜான் குட்ரிக். காது கேளாதவர், அப்போது அவருக்கு இருபது வயது. இருபத்தொரு வயதில் இறந்துவிட்டார். 1912இல் ஹென்ரியெட்டா லெவிட், ஹார்வர்டில் ஒளித்தட்டுகளை ஆராய்ந்தவர், இந்த வகை விண்மீன்களில் சுற்று நீள நீள உண்மையான பிரகாசமும் கூடும் என்ற விதியை வெளியிட்டார். சுற்றுக்காலம் தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பொலிவோடு ஒப்பிட்டால் தொலைவு தெரியும். ஹப்பிள் கையில் இருந்த கோல் அதுதான்.

இரண்டாவது ஆல்கால், பெர்சியஸ் மண்டலத்தில். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1இலிருந்து 3.4 வரை இறங்கும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போய்விடும். மங்கிய துணை விண்மீன் ஒன்று குறுக்கே வந்து மறைப்பதால் வரும் கிரகணம் இது. இறங்க ஐந்து மணி நேரம், தேற ஐந்து மணி நேரம். குட்ரிக் இதன் காலமுறையை 1783இல் அறிவித்தார், துணைப்பொருள் மறைக்கலாம் என்ற விளக்கத்தோடு. பக்கத்தில் ஆண்ட்ரோமீடா வரிசையின் கடைசி விண்மீன் அல்மாக் இருக்கிறது, 2.1. சாதாரண இரவில் ஆல்காலும் அல்மாக்கும் சமமாகத் தெரியும். ஒரு நாள் பார்க்கும்போது ஆல்கால் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அங்கேயே நில்லுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

தென்சிலுவை:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். தெற்கு அரைக்கோளத்தில் இருக்கும் எங்களையும் கொஞ்சம் நினையுங்கள். எங்கள் இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. அப்போது தென்சிலுவை உச்சியை நோக்கி ஏறும், ஆல்பா சென்டாரி பின்னாலேயே வரும். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன்களின் உருண்டைக் கொத்து வெறுங்கண்ணுக்கே மங்கிய விண்மீனாகத் தெரியும், சுமார் 17,000 ஒளியாண்டு. மே முதல் வாரத்தில் ஈட்டா அக்வாரிட்ஸ் எரிகல் பொழிவு. அதுவும் ஹேலியின் தூசுதான், வடக்கை விட எங்களுக்கே நன்றாகத் தெரியும்.

நீங்கள் பேசும் செப்டம்பர்–நவம்பர் வானம் எங்களுக்கு வசந்தம். பெகாசஸ் சதுரம் வடக்கே தலைகீழாக நிற்கும், ஃபோமல்ஹாட் உச்சிக்கே வரும், தெற்கே பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு பேரடைகளான மெகல்லன் முகில்கள் இரண்டும் ஏறும். லெவிட் அந்த விதியைக் கண்டது சின்ன முகிலில் இருக்கும் 25 மாறும் விண்மீன்களை வைத்துத்தான். டெல்டா செஃபேய் எங்களில் பலருக்குத் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. லெவிட் பார்த்த முகில் வடக்கே இருப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

துருவமீன்:
அருமையாகச் சொன்னீர்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

குவியாடி:
மாறும் விண்மீன் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது பொறுமைக்காரர்களுக்கு. முதல் இரவிலேயே பலன் வேண்டும் என்பவருக்கு பைனாகுலரில் என் பட்டியல் இது. காசியோப்பியாவுக்கும் பெர்சியஸுக்கும் நடுவே இரட்டைக் கொத்து, இரண்டும் ஒரே பார்வைப் பரப்பில், சுமார் 7,500 ஒளியாண்டு. பெகாசஸின் மூக்கு விண்மீனைத் தாண்டி எம்15 உருண்டைக் கொத்து. கிழக்கே கார்த்திகை, பைனாகுலருக்கென்றே வைத்தது போல. சிறிய டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அல்மாக்கைப் பாருங்கள், பொன்னிறமும் நீலமுமாகப் பிரியும். 2026இல் சனியும் சதுரத்துக்குக் கீழே கிழக்காக இருக்கும், அக்டோபர் தொடக்கத்தில் இரவு முழுவதும் பார்க்கலாம். வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாக நின்றது, இப்போது மெல்லத் திறந்து வருகிறது.

எம்33 என்ற பேரடையைத் தேடுபவர்கள் கவனிக்க: 5.7 என்று எண் போட்டிருக்கும், ஆனால் அந்த ஒளி பெரிய பரப்பில் பரவிக் கிடப்பதால் ஊர் வெளிச்சத்தில் கிடைக்காது. நல்ல இருட்டில், அதிக உருப்பெருக்கம் இல்லாமல் பாருங்கள். டெலஸ்கோப்பை விடப் பைனாகுலர் வெல்லும் இடம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குக் குளிர்கால வானம்தான் மேல்.

எரிமீன்:
சதுரத்துக்குப் பக்கத்தில் கோள் உள்ள விண்மீன் ஒன்று இருக்கிறதாமே?

துருவமீன்:
51 பெகாசி. சதுரத்தின் மேற்குப் பக்கத்துக்குச் சற்று வெளியே, இரு மூலைகளுக்கும் ஏறக்குறைய நடுவில். 5.5 மேக்னிட்யூட், இருட்டில் வெறுங்கண்ணுக்கே எட்டும், பைனாகுலரில் எளிது. சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள் முதன்முதலில் உறுதியானது அங்கேதான். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கண்டார்கள், 2019இல் நோபல் பரிசு. அந்தக் கோளுக்கு ஓர் ஆண்டு என்பது நம் நாள் கணக்கில் 4.2 நாள். கோள் தெரியாது, விண்மீனைப் பார்க்கலாம். சுமார் 50 ஒளியாண்டு.

விடியலில் எழுபவர்களுக்கு ஒரு வேலை: செப்டம்பர், அக்டோபரில் நிலா இல்லாத நாளில், விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிழக்கே பாருங்கள். தொடுவானத்திலிருந்து சாய்ந்த கூம்பு போல மங்கிய ஒளி எழுந்து நிற்கும். பொழுது புலர்வதற்கு முந்தைய வெளிச்சம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கோள்கள் சுற்றும் தளத்தில் பரவியிருக்கும் தூசில் பட்டு வரும் சூரிய ஒளி அது. இந்த மாதங்களில் வடக்கே இருப்பவர்களுக்கு அந்தத் தளம் விடியலில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் நன்றாகத் தெரியும்.

கீழ்வானம்:
ஆல்கால், டெல்டா செஃபேய் இரண்டையும் தொடர்ந்து பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். குவியாடி அண்ணாவின் பட்டியலையும் இடையிடையே பார்த்துக்கொள்வேன். குறிப்பேட்டில் எப்படி எழுதுவது அக்கா? ஆல்காலின் இறக்கத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

நள்ளிரவு வாசகி:
தேதி, நேரம், எந்த விண்மீனோடு ஒப்பிட்டாய், அதைவிடக் கூடவா குறைவா சமமா, வானம் தெளிவா, நிலா இருந்ததா. இவ்வளவு போதும். பொலிவெண் போட இப்போதே அவசரப்படாதே. நேற்று எழுதியதைப் பார்க்காமல் இன்றைக்கு எழுது, இல்லாவிட்டால் எதிர்பார்ப்பது கண்ணில் ஏறிவிடும். நிலா வெளிச்சத்தில் எடுத்த குறிப்பைத் தனியாகக் குறித்து வை.

கணிப்பது எளிது. ஒரு இரவு மிகத் தாழ்ந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து, சுமார் 3 மணி நேரம் முன்னதாக வரும். நள்ளிரவில் பிடித்தாய் என்றால் மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு அடுத்தது, ஆறாம் நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால். அதற்குப் பிறகு சுமார் இரண்டு வாரம் இறக்கங்கள் பகலிலும் விடியலிலும் போய்விடும், மறுபடி இரவுக்குத் திரும்பி வரும். முதல் இறக்கம் கிடைத்ததும் இங்கேயே நேரத்தைப் போடு, என் குறிப்போடு சேர்த்துப் பார்ப்போம்.